காட்டார் வீட்டு அணில்

கோழிக்கூடைக்குள் அணில் இருந்தது.

நடுப்பகல். கோழிகள் வெளியே கிளறிக்கொண்டிருந்தன. இரவில் அவற்றை அடைக்கும் கூடைகளில் ஒன்று சாய்ந்து, வாயைத் திறந்தபடி கிடந்தது. அடியில் ஒட்டியிருந்த சேகோப்பனை மாவைத் தேடி அது உள்ளே புகுந்திருக்க வேண்டும். நான் எதையும் யோசிக்கவில்லை. கூடையை நிமிர்த்தி வாய்மேல் ஒரு பலகையை வைத்துவிட்டேன். உள்ளே கொஞ்ச நேரம் பரபரவென்று சத்தம். பிறகு ஒன்றுமில்லை. குனிந்து பிரம்புப் பின்னலின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதே இடுக்கு வழியாக அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் தீவின் காட்டில் அணில்களுக்குக் குறைவில்லை. மரத்துக்கு மரம் தாவுபவை உண்டு. இருட்டியதும் தோலை விரித்துக்கொண்டு மிதப்பவையும் உண்டு. இது அந்தக் கூட்டத்தில் சேராதது. தரையிலேயே வாழும். விழுந்து மக்கிய கட்டைகளுக்கு அடியில் ஓடும், உதிர்ந்த பழத்தையும் கறையானையும் தின்னும். கறுத்த பழுப்பு நிறம், கூரான மூக்கு. முதுகில் மூன்று கோடுகள் இருக்கின்றன. வெயில் நேராகப் பட்டால்தான் அவை தெரியும். நிழலுக்குள் போய்விட்டால் அது ஒரு சருகு, அவ்வளவுதான். அந்தக் காட்டில் எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட இரண்டாகப் பார்த்ததில்லை.

ஓடைக் குடிசையில் நான் தனியாக இருந்த இரண்டாவது மழைக்காலம் அது. எங்கள் குலத்தின் பெரிய வீடு ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தது, துடுப்புப் போட்டால் அரை நாள் தூரம். ஊருக்குள் பன்றி வளர்த்தால் கிழங்குத் தோட்டத்தையெல்லாம் கிளறிவிடும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலே, கிளையோடைகளின் ஓரத்தில், கால்நட்டுத் தூக்கிக் கட்டிய குடிசை ஒன்று உண்டு. கீழே பன்றிகள், மேலே அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். முதலில் சித்தப்பா மகள் என்னோடு இருந்தாள். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அவளுக்குக் கல்யாணமாகித் தெற்கே போய்விட்டாள்.

அதற்கு முன்னால் முகத்துவாரத்து ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே பாடமெல்லாம் வேறு மொழியில். எழுப்பி நிறுத்திக் கேட்டால் விடை தெரிந்தாலும் வாய் திறக்காது. பெஞ்சுக்குப் பெஞ்சு சிரிப்பு ஓடும். ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவுமில்லை. பன்றிகளுக்கு ஆள் தேவைப்பட்டது.

பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களின் சொந்தப் பெயர் மறைந்துபோவது எங்கள் வழக்கம். நான் மூத்தவள். அதனால் அப்பா, அகத்தா அப்பா. அம்மா, அகத்தா அம்மா. ஊரில் பொழுது விடிந்ததிலிருந்து யாராவது என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். திரும்பிப் பார்ப்பது நானாக இருக்காது.

அப்பா அந்த வருஷம் சிகெரேய் ஆகவிருந்தார். உடம்பை விட்டு அலையப்போன உயிரைப் பாடி அழைத்துவந்து திரும்பச் சேர்ப்பவர் சிகெரேய். லேசில் ஆகிவிட முடியாது. மாதக்கணக்கில் பாட்டும் மூலிகையும் கற்க வேண்டும், ஏகப்பட்ட விலக்குகளைக் காக்க வேண்டும். அது முடியும்வரை அம்மாவும் பெரிய வீட்டை விட்டு நகரக்கூடாது. கடைசியில் விழா. விழாவுக்குப் பன்றிகள் வேண்டும். அதிலும் தலைப்பன்றி என்று ஒன்று, கொழுத்ததாக, ஊனமில்லாததாக வேண்டும். எங்கள் மந்தையில் அது வெள்ளைக்காதி. ஒரு காது மட்டும் வெளுத்த பெட்டைப் பன்றி. எத்தனையோ வருஷமாகக் குட்டி போடாததால் மலடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். குட்டிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் உடம்பிலேயே தங்கி, அது அசைந்து வருவதே ஒரு படகு வருவது போலிருக்கும்.

விழாவின்போது குடிசைகளில் ஒருவரும் தங்க மாட்டார்கள். எல்லாரும் பெரிய வீட்டுக் கூரைக்கு அடியில்தான் இருப்பார்கள். பெரிய பன்றிகள் சில நாள் தாமாகவே மேய்ந்துகொள்ளும். அதோடு என் மந்தையில் பாதிக்கு மேல் அந்த விழாவிலேயே தீர்ந்துவிடும். மீதியைச் சித்தப்பா தன் மந்தையோடு சேர்த்துக்கொள்வார்.

"விழா முடிஞ்சா நீ இங்க திரும்பி வர வேண்டியதில்ல, மக" என்று அப்பா சொல்லியிருந்தார். "அம்மாகூடவே இருந்துக்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் நாளைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

*

அணில் முதலில் எதையும் தொடவில்லை. வெந்த சேகோவை வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மக்கிய கட்டை ஒன்றைப் பிளந்து கறையானோடு கொண்டுவந்து வைத்தேன். கூடைக்குள்ளிருந்து சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்டது. அன்று மாலை நானும் சத்தமில்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சில நாளில் கதவைச் சாத்திவிட்டு அதைத் திறந்துவிட ஆரம்பித்தேன். குடிசைக்குள் ஓடும். சுவரோரமாகவே ஓடும். மூங்கில் தூண் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ஓடி முடித்துவிட்டு என் காலுக்கும் அடுப்புக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொள்ளும். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட வேண்டியிருக்கும். எனக்கும் அதற்கும் அது தேவைப்படவில்லை.

லூக்காஸ் அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். எங்களுக்குக் கீழே, அடுத்த குடிசைக்காரி. கைவலை போட்டு மீன் அரித்துக்கொண்டு அவளும் அவள் நாத்தனாரும் ஓடையில் வந்தார்கள். இடுப்பைச் சுற்றி மீன்பிடிக்கக் கட்டும் வாழையிலைப் பாவாடை, வாயில் சிகரெட்.

"அடியே அகத்தா! உசிரோட இருக்கியா? கரையிலேர்ந்து கத்துறேன், ஒரு சத்தம் வரல."

தலையை ஆட்டினேன்.

"பாத்தியா, ஆட்டுது. நாளைக்குக் கோயில்ல ஃபாதர் சம்மதமான்னு கேப்பாரு, இப்படித்தான் ஆட்டப்போறா. அவருக்கோ கண்ணு மங்கல். மணமேடையிலேயே கெழவியாயிடுவா."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் வலையிலிருந்த இறால் துள்ளி விழுந்தது. ஏணியேறி வந்து உட்கார்ந்த லூக்காஸ் அம்மா, அடுப்போரத்தில் கூடைக்குள் அணிலைக் கண்டதும் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"இது என்னடி? கொழம்புக்கா? உங்கப்பன் இனிமே அணில் தொடக்கூடாது, தெரியுமில்ல? சிகெரேய்க்கு அணில் ஆகாது, விலாங்கு ஆகாது, ஆமை ஆகாது."

"திங்க இல்ல."

"அட, பேசிட்டா! பின்ன எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா?" லூக்காஸ் அம்மா நாத்தனாரைப் பார்த்தாள். "கேட்டியா? என் கோழிய இவ கூடையில வச்சுக்கிட்டுச் சும்மான்னா நான் விடுவேனா? அடியே, இது காட்டார் வீட்டு வளர்ப்பு. சாயங்காலமானா நம்ம மாதிரியே அவங்களும் வாசல்ல நின்னு கூப்பிடுவாங்க. ஒண்ணு வரலேன்னா தேடுவாங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சுதுன்னா, நம்மகிட்டேர்ந்து ஒண்ண ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. கணக்கு சரியாப் போச்சும்பாங்க."

இது புதிய சேதி இல்லை. காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களுக்கும் வீடு உண்டு, வாசல் உண்டு, மந்தை உண்டு. நாம் காட்டு விலங்கு என்று சொல்பவையெல்லாம் அவர்கள் வளர்ப்பவை. நம் பன்றியும் கோழியும் அவர்கள் கண்ணுக்குக் காட்டு விலங்கு. எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நான் பலகையை வைத்திருந்தேன்.

"விட்டுடுறியா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவர்கள் போன பின்பு விடவில்லை.

அடுத்து அப்பா வந்தார். மெலிந்திருந்தார். நடக்கும்போதும் கற்றுக்கொண்ட பாட்டை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அணிலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"அத என் பக்கம் கொண்டு வராத, மக. பேரக்கூட நான் சொல்லக்கூடாது."

திண்ணென்று கொழுத்திருந்த வெள்ளைக்காதியின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். இடுப்புப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் பாசிமணி மாலை.

"விழாவுக்குப் போட்டுக்க. உங்கம்மா கோத்தது. நிலா முழுசாகுறதுக்குள்ள வந்துடுவேன். வெள்ளக்காதிய மட்டும் பத்திரமா வச்சுக்க. அவ இல்லேன்னா விழா இல்ல. இன்னொண்ணக் கொழுக்க வச்சு, திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் நீயும் இங்கதான், நானும் அங்கதான்."

*

மழை பிடித்துக்கொண்டது. ஓடை ஏறி, குடிசையின் கால்களைத் தொட்டது. பன்றிகளைக் கூப்பிட நான் மூங்கில் குழாயைத்தான் தட்டுவேன். மற்றவர்கள் எல்லாரும் குரல் கொடுத்துக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூவ எனக்குக் கூச்சம். யாருமில்லாத இடத்தில் என்ன கூச்சம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மழையில் மூங்கில் சத்தம் வேலியைக்கூடத் தாண்டவில்லை. இருந்தும் மற்றப் பன்றிகள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தன. வெள்ளைக்காதி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் மழை விட்டதும் தேடக் கிளம்பினேன். அது வழக்கமாகப் புரளும் சேறு, சேகோப்பனைச் சதுப்பு, மேட்டில் உதிரும் பழமரங்கள். எல்லா இடத்திலும் தடம் கழுவிப் போயிருந்தது. மூங்கிலைத் தட்டித் தட்டி உள்ளங்கை கன்றிப்போயிற்று. திரும்பி வந்தால் அணில் மட்டும் கூடைக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது.

லூக்காஸ் அம்மா தன் படகில் வந்தபோது நான் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி மூஞ்சி?"

"வெள்ளக்காதி."

"என்ன வெள்ளக்காதிக்கு?"

"காணோம்."

அவள் துடுப்பைப் படகுக்குள் போட்டாள். முதல்முறையாக அவள் வாயிலிருந்து கேலி வரவில்லை. குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். அணில் அடுப்போரக் கூடைக்குள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நீ இத விடல."

நான் ஓடையைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப வேற எங்க தேடுற? கணக்கு நேராத்தானே இருக்கு. அவங்களுது உன் வீட்டுல, உன்னுது அவங்க வீட்டுல. இன்னும் அறுக்காம வச்சிருந்தாங்கன்னா உன் அதிர்ஷ்டம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவங்க விட்டாலும் அது எப்படி வரும்? என் பன்னிங்க என் கொரலக் கேட்டா மலைக்கு அந்தாண்டேர்ந்து வரும். உன் பன்னிக்கு உன் கொரல் தெரியுமா? மூங்கில் காத்துல ஆடினாக்கூட அந்தச் சத்தம் வரும்டி. அதுக்கு நீ எது, மூங்கில் எதுன்னு எப்படிப் புரியும்?"

அன்று சாயங்காலம் அணிலைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரமாக ஒரு சுற்று. என் காலருகே வந்து உட்கார்ந்தது. கால்விரலில் அதன் மூச்சு சூடாகப் பட்டது. இதை விட்டுவிட்டு வெள்ளைக்காதி வராவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வந்துவிட்டால் அம்மாவோடு இருப்பேன். பெரிய வீட்டில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே போன பின்பு இந்த அணில் எதற்கு? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

ஒருவர் வீட்டு வளர்ப்பை இன்னொருவர் அடைத்து வைத்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு முறை உண்டு. பொருளைத் திருப்ப வேண்டும், மேலே தண்டம் கட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்து பேசுவதற்கு நல்ல வாய் உள்ள ஆள் ஒருவர் வேண்டும். எனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? நானேதான் போக வேண்டும்.

காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடைக்கு மேலே நடந்தேன். யாரும் கோடரி வைக்காத பெரிய மரம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வேர்கள் சுவர் போல எழுந்து நிற்கும், வேருக்கு வேர் ஓர் அறை. காட்டார் வீடு என்று ஒன்று இருந்தால் அது அந்த மரமாகத்தான் இருக்கும். வேர் முன்னால் கூடையை இறக்கினேன். இலையில் கொஞ்சம் புகையிலை வைத்தேன். தண்டமாக என்ன வைப்பது என்று முன்பே யோசித்திருந்தேன். என்னிடம் நல்ல பொருள் ஒன்றுதான் இருந்தது. பாசிமணி மாலையை எடுத்து இலைமேல் வைத்தேன்.

பிறகு பேச வேண்டும். மனசுக்குள் சொன்னால் போதாதா என்று நினைத்தேன். போதாது. மனசுக்குள் சொல்லி யாரும் தண்டப் பேச்சை முடித்ததில்லை. தொண்டையைக் கனைத்தேன். அந்தச் சத்தத்துக்கே எங்கோ ஒரு பறவை எழுந்து பறந்தது.

"காட்டாரே," என்றேன். "நான்... ஓடைக் குடிசையில இருக்கிறவ. அகத்தா அப்பா மக." இது சரியாக இல்லை என்று தோன்றியது. "அகத்தா. அகத்தாவே நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

"உங்க அணில் எங்கிட்ட இருந்துச்சு. புடிக்கப் போகல, அதுவா கூடைக்குள்ள வந்துச்சு. மூடினது நான். நல்லாத்தான் வச்சிருந்தேன், கறையான் குடுத்தேன், பழம் குடுத்தேன். இளைக்கல, நீங்களே பாருங்க. இந்த மணி தண்டம். புதுசு, ஒரு தடவகூடப் போடல. எங்க வெள்ளக்காதி உங்க பக்கம் வந்திருந்தா விட்டுடுங்க. அவ மலடு, அவள வச்சு உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. எங்களுக்கு விழாவுக்கு வேணும். அறுத்துட்டீங்கன்னா..." மாலையை வேர்ப்பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். "அறுக்காதீங்க."

பலகையை எடுத்தேன்.

அணில் உடனே வெளியே வரவில்லை. கூடையின் விளிம்பில் முன்கால்களை வைத்து நின்று, மூக்கை ஆட்டிக் காற்றைப் படித்தது. ஒருவேளை போகாதோ என்று ஓர் ஆசை. பிறகு அது இறங்கியது. இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு கீற்று வெயில் விழுந்திருந்தது. அதைக் கடக்கும்போது மட்டும் மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பக்கம் போனதும் சருகுதான் இருந்தது. எந்தச் சருகு அது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எதுவும் அசையவில்லை.

வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு திரும்பும்போது கூப்பிட ஆரம்பித்தேன். மற்றவர்கள் கூப்பிடுவது போல, வயிற்றிலிருந்து இழுத்து, கடைசியில் மேலே தூக்கி. முதல் இரண்டு மூன்று கூவலும் உடைந்து போயின. பிறகு குரல் எனக்கே பழகிவிட்டது. மலைச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. அது என் குரல்தானா என்று நின்று கேட்டேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பின், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில், நான் கூவி நிறுத்தியதும் பதிலுக்கு ஓர் உறுமல் கேட்டது. சோர்ந்த, குட்டையான உறுமல். புதர்களை விலக்கிக்கொண்டு இறங்கினேன். பெரணித் தழையும் பனை ஓலையும் கடித்துக் கொண்டுவந்து குவித்து ஒரு மெத்தை. அதன் நடுவே வெள்ளைக்காதி மல்லாந்த மாதிரிச் சாய்ந்து கிடந்தது. அதன் வயிற்றோரம் முழுக்கக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுந்து பால் குடித்துக்கொண்டிருந்தன.

நான் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. "வந்துட்டியா, வந்துட்டியா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நான் கண்டுபிடித்தேனே தவிர அது எங்கும் வரவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

சேகோ மாவைக் காட்டிக் காட்டி, குட்டிகளை முதுகுக்கூடையில் போட்டு, வெள்ளைக்காதியைக் குடிசை வேலிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வழியெல்லாம் அது கூடையை முகர்ந்தபடி என் பின்னாலேயே நடந்தது.

*

நிலா முழுசாகும் முன்பே அப்பா வந்தார். பன்றியைக் கட்டித் தூக்க ஒத்தாசைக்கு லூக்காஸ் அப்பாவும் வந்திருந்தார். நான் அதிகாலையிலேயே குளித்து, நல்ல துணியை உடுத்தி, மற்றதை மூட்டையாகக் கட்டி ஏணிக்குக் கீழே வைத்திருந்தேன். கோழிகளைச் சித்தப்பா வந்து எடுத்துக்கொள்ள வசதியாகக் கூடையில் அடைத்தாயிற்று. அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிக் கொட்டியிருந்தேன்.

வேலிக்குள் எட்டிப் பார்த்த லூக்காஸ் அப்பா முதலில் குட்டிகளை விரல்விட்டு எண்ணினார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"யோவ் அகத்தா அப்பா! இத மலடுன்னு சொன்னது யாரு? நீதானே? நாளைக்கு நீ நோயாளியப் பாத்துச் செத்துட்டான்னு சொல்லுவ, அவன் எந்திரிச்சு ஒங்கிட்ட சிகரெட் கேப்பான்."

அப்பாவும் சிரித்தார். வேலிக்கு மேல் சாய்ந்து குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"கேள்விப்பட்டேன், மக. காட்டாருகிட்ட நீயே போய்ப் பேசினியாமே? லூக்காஸ் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டா. ஓடைக்கு இந்தாண்ட இருந்துக்கிட்டே உன் கூப்பாட்டக் கேட்டாளாம்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாரு, வட்டி போட்டுத் திருப்பியிருக்காங்க" என்றார் அப்பா.

"அது சரி, இப்ப விழாவுக்கு?" என்றார் லூக்காஸ் அப்பா. "பால் குடுக்குற தாய அறுக்க முடியாதே."

"அறுக்கவே கூடாது. மேலாத்துல என் சிநேகிதன் ஒரு பன்னி வச்சிருக்கான், கேட்டா இன்னிக்கே தருவான். இதுல நாலு குட்டி வளந்ததும் அவனுக்குக் குடுத்தாப் போச்சு. இப்படி ஒரு மந்தை அதுவா வந்திருக்கும்போது எனக்கு என்ன கவலை?"

விழா நிற்காது. எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. மூட்டையை எடுக்கக் குனிந்தேன்.

அப்பா வேலியைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்க மூங்கில் ஒன்றை அசைத்தார். "இது ஆடுது. அகத்தா, இத இன்னிக்கே இறுக்கிக் கட்டிடு. மலைப்பாம்புக்கு வாடை புடிச்சா விடாது. குட்டிங்கள ராத்திரி மேல ஏத்திக்க. மழைன்னா அடுப்புப் பக்கத்துல போட்டுக்க."

நான் மூட்டையைப் பிடித்தபடி நின்றேன். அப்பா அதைக் கவனிக்கவில்லை. லூக்காஸ் அப்பாதான் கவனித்தார்.

"இந்த மூட்டை? படகுல வைக்கவா?"

அப்பா திரும்பினார். முதலில் மூட்டையைப் பார்த்தார். பிறகு என் துணியைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர் பாட்டெல்லாம் கற்றிருக்கிறார், அலைகிற உயிரைக்கூட அழைக்கத் தெரியும். அந்த நேரத்தில் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது. நானும் வரேன் அப்பா. மூன்றே சொல். நாக்கு நுனியில் இருந்தது. காட்டுக்கே கேட்கும்படி கூவியவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நான் போனால் குட்டிகள் மலைப்பாம்புக்குப் போய்விடும். குட்டிகள் போனால் சிநேகிதனுக்கு அப்பா கொடுக்கப்போகும் வாக்கு போய்விடும். மரத்தடியில் பேசியது எனக்கு நினைவிருந்தது. எனக்கு வெள்ளைக்காதி வேண்டும் என்றேன். அது இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்து, வேறெதையும் கேட்காமல் வந்துவிட்டேன். காட்டார் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டதைக் கேட்டதற்கு மேலேயே தந்திருந்தார்கள்.

"அது சும்மா" என்றேன். "துவைக்கிற துணி."

"குட்டிங்க கொஞ்சம் பெருசாகட்டும், மக" என்றார் அப்பா. "அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "மணி எங்க?"

"தண்டம் கட்டிட்டேன்."

அவர் தலையசைத்தார். சற்று நேரம் என் தலையில் கை வைத்திருந்தார்.

"மழை வரும்பா. சீக்கிரம் போங்க."

விழாவுக்குக் கட்டி ஏற்றிய மற்றப் பன்றிகளோடு படகு வளைவில் மறையும்வரை லூக்காஸ் அப்பா எதையோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா சிரிக்கவில்லை.

கோழிகளைத் திறந்துவிட்டேன். அடுப்பை மூட்டினேன். பிரம்பு எடுத்துக்கொண்டு போய் கீழ்வேலியை இறுக்கினேன். அது முடிந்ததும் ஓடைக்கு மேலே, மரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். இன்னொரு முறை போய்ப் பேசலாம். எப்படிப் பேசுவது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. அவர்களுடையது என்று என்னிடம் எதுவும் மிச்சமில்லை. என்னுடையது என்றும் எதுவுமில்லை.

மழை வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். அடுப்பின் சூட்டுக்கு அவை நெருங்கி, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தூங்கின. கீழே வெள்ளைக்காதி தரைப்பலகைக்கு அடியில் நின்று உறுமியது.

"இருக்கு, எல்லாம் இங்கதான் இருக்கு" என்றேன் சத்தமாக.

அது அடங்கிப் படுத்துக்கொண்டது.